நிரல் மாறியவன் வீட்டுத் தேத்தண்ணி

எங்கள் புள்ளிவிபர இலாகாவிலிருந்து ஒருவரை ஆறு வாரத்துக்கு அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புவதென்று முடிவானபோது, தகுந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவருக்கு மகளின் கலியாணம் வந்தது. ஒருவருக்கு மூலவியாதி, அத்தனை மணி நேரம் விமானக் கதிரையில் இருக்க முடியாதென்று வைத்தியரே எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்றாமவர் மேலதிகாரியோடு கோபம். இப்படித்தான் நான் போனேன். வழியனுப்ப வந்தவர்களிடம் திறமைக்குக் கிடைத்தது என்று சொன்னேன். என் மனைவி மட்டும் இருமினாள்.

இருபத்தைந்து வருடமாக என் தொழில் மனிதரை நிரல்களில் போடுவது. குடிசன மதிப்புத் தாள்கள் வீடு வீடாக எழுதப்பட்டு எங்கள் மேசைக்கு வந்ததும், கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், சோனகர், பறங்கியர், மலாயர், மற்றையோர் என்று ஊர் ஊராகப் பிரித்து அட்டவணை போடுவோம். பிழையான நிரலில் விழுந்த ஆளைச் சிவப்புப் பென்சிலால் வெட்டிச் சரியான நிரலில் ஏற்றுவது என் பொறுப்பு. அந்தப் பென்சிலைக் காதில் செருகிய மறதியில் சந்தைக்குப் போயிருக்கிறேன், கோயிலுக்குப் போயிருக்கிறேன், ஒருமுறை தலைமயிர் வெட்டவும் போயிருக்கிறேன்.

அவுஸ்திரேலியாவில் நான் பார்க்கவேண்டியிருந்ததும் இதே விளையாட்டுத்தான், மைதானம் மட்டும் பெரிது. சிட்னியிலும் மெல்பேர்னிலும் எந்தப் பகுதியில் எந்த நாட்டவர் குடியிருக்கிறார்கள், அவர்களை எப்படி எண்ணுகிறார்கள், எண்ணியதை எப்படிப் படமாகப் போடுகிறார்கள் என்று பழகி வரவேண்டும்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது பரமேஸ்வரி ரீச்சர் வந்தார். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீடு தள்ளி ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவர். கலியாணம் செய்யவில்லை. அடுத்த வருடம் ஓய்வு. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காணி உறுதிப் பத்திரம். யாழ்ப்பாணத்தில், கொண்டாவிலில் தகப்பன் விட்டுப்போன காணி, அவர் பெயரிலும் தம்பி செல்வராசாவின் பெயரிலும் சேர்ந்து கிடந்தது. தம்பி கையெழுத்து வைத்துக் கொடுத்தால்தான் நொத்தாரிசு அதை ரீச்சருக்கென்று எழுதுவார். எழுதினால்தான் ஓய்வுக்குப் பிறகு அவருக்கென்று ஒரு கூரை. தம்பி மெல்பேர்னில் இருந்தான். வருடம் தவறாமல் கிறிஸ்மஸ் கார்ட் வரும். காணியைப் பற்றிக் கேட்ட கடிதங்களுக்கு மட்டும் பதில் வராது.

"நீங்கள் ஆக்களை எண்ணுற ஆள். ஒருத்தனைக் கண்டு கையெழுத்து வாங்கிறது பெரிய வேலையே?" என்றார்.

"கையெழுத்தோடைதான் ரீச்சர் வருவன்" என்றேன். வாயால் நான் செய்து முடித்த வேலைகளுக்குக் கணக்கே இல்லை.

செல்வராசா, எனக்குச் செல்வம், என் கூட்டாளி. அவன் அவுஸ்திரேலியா போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது ரீச்சருக்குத் தெரியாது.

சிட்னியில் இறங்கியபோது ஓகஸ்ட் மாதம். பூகோளத்தில் நான் எப்போதும் பின்வரிசை. ஓகஸ்ட் அங்கே மாரிகாலம் என்பது விமானக் கதவு திறந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கொண்டுபோன மூன்று பருத்திச் சேட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனேன். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவன் என்று நினைத்திருப்பார்கள்.

என்னைப் பொறுப்பெடுத்தவரின் மேசைப் பலகையில் கொலின் என்று இருந்தது. மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் ஒலிவ் காயும், ஆட்டுப்பால் கட்டியும், எண்ணெயில் ஊறிய மிளகாயும். இது கொலின் என்பவர் சாப்பிடுகிற சாப்பாடாகத் தெரியவில்லையே என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொலின் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. மற்ற நேரம் நான் கொஸ்தா." மரிக்வில் என்ற பகுதியில் அவருடைய தாயார் இருபது வருடமாக இருக்கிறாராம். மீன்கடை, பாண்கடை, கோயில், பாதிரியார், பல் பிடுங்குகிறவர் எல்லாம் கிரேக்கர். அம்மாவுக்கு இதுவரை ஆங்கிலம் தேவைப்படவில்லை என்றார்.

கொஸ்தாவின் அறைச் சுவரில் சிட்னியின் பெரிய படம் ஒன்று, பகுதி பகுதியாக நிறம் தீட்டியிருந்தது. கிரேக்கருக்கு நீலம், இத்தாலியருக்குப் பச்சை, லெபனான்காரருக்கு மஞ்சள், யூகோஸ்லாவியருக்குச் சிவப்பு. வடக்கே, துறைமுகத்துக்கு அப்பால் கடற்கரையோரம் எல்லாம் வெறும் வெள்ளைத் தாள்.

"அங்கே ஆட்கள் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கிறார்கள்" என்றார் கொஸ்தா. "அவர்களுக்கு நிறம் போடுவதில்லை."

நான் என் ஆட்களைத் தேடினேன். எங்கள் நாடு பெயர் மாற்றி நாலைந்து வருடமாகியும் அவர்களுடைய பட்டியலில் நாங்கள் இன்னும் சிலோன்தான். ஊதா நிறத்தில் ஒரு புள்ளி, நுளம்பு நசுங்கிய அளவு. மெல்பேர்னில் டண்டினோங் பக்கம் இன்னும் கொஞ்சம் பெரிய நுளம்பு இருப்பதாகவும், பெரும்பாலும் பறங்கியர் என்றும் கொஸ்தா ஆறுதல் சொன்னார்.

கொழும்பு எப்படி என்று அவர் கேட்டார். வெள்ளவத்தையில் நாங்கள், கொம்பனித்தெருவில் மலாயர், புதுக்கடையில் சோனகர், தெகிவளையில் பறங்கியர் என்று விரல் மடித்துச் சொன்னேன். எண்ணுகிறவன் வருமுன்னே சனம் தானாகப் பிரிந்து நிற்கும். ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் எங்கள் ஒழுங்கைக்குத் தடியோடு வந்தவர்கள் எந்த அட்டவணையையும் புரட்டிப் பார்த்து வரவில்லை. அதை நான் கொஸ்தாவுக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம்.

மூன்றாம் நாள் பழைய தொகுதிகளைப் பார்க்க விட்டார்கள். அழகான அட்டவணைகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: ஆதிக்குடிகள் நீங்கலாக. ஒரு நாட்டுக்கு முதல் வந்தவர்களுக்கு அந்த நாட்டுப் புத்தகத்தில் நிரலே இல்லை. இப்போது சட்டத்தை மாற்றி எண்ணுகிறார்கள் என்று நூலகப் பெண் அவசரமாகச் சொன்னாள்.

அன்று மாலை ரெட்ஃபேர்ன் நிலையத்தில் ரயிலுக்கு நின்றபோது, என்னைவிடக் கறுத்த ஒரு முதியவர் பக்கத்தில் வந்து, "உன் ஆட்கள் எந்தப் பக்கம், சகோதரா?" என்று கேட்டார். சிலோன் என்றேன். என்ன வேலை என்றார். ஆட்களை எண்ணுவது என்றேன். அவர் நெடுநேரம் சிரித்தார். "எங்களையும் எண்ணி முடித்துவிட்டார்களா என்று கேட்டுச் சொல்" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ரயில் வந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான், அதில் நான் சிரிக்க என்ன இருந்தது என்று தோன்றியது.

சிரிப்பு எனக்கு ஒரு வியாதி. செல்வராசாவின் கதையும் அப்படித்தான் தொடங்கியது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் கொழும்பில் ஒரே அறையில் இருந்த கலியாணமாகாத கிளாக்குமார். அவன் டொரீன் என்ற, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிப் பெண்ணைக் காதலித்தான். அவள் குடும்பம் முழுவதும் மெல்பேர்னுக்குப் புறப்பட்டது. அந்தக் காலத்தில் அவுஸ்திரேலியா வெள்ளையருக்கு மட்டும் திறந்த வாசல். பறங்கியர் என்றாலும் ஐரோப்பிய இரத்தம் பெரும்பங்கு என்று காட்டவேண்டும். செல்வம் நல்ல வெள்ளை, மூக்கும் கூர். டொரீனின் மாமன் ஒருவர் அவனைத் தன் மகன் என்று எழுதிக் கொடுத்தார். அக்காவுக்குத் தெரியாமல் அவன் ரோய் ஆனான். பின்னால் ஒல்லாந்துப் பெயர் ஒன்று, 'வன்' என்று தொடங்கி மூச்சு முட்ட முடிவது.

ஐரோப்பியர்தானா என்று விசாரிக்க, அவுஸ்திரேலியாவின் கொழும்புக் கந்தோரிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கே வருவார் என்றார்கள். பம்பலப்பிட்டியில் டொரீன் வீட்டு விறாந்தையை அலங்கரித்தோம். காற்றாலைப் படம் ஒன்று, இரவல் பியானோ ஒன்று, யூன் மாதத்தில் ஒரு கிறிஸ்மஸ் கேக். என்னுடைய யோசனைதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று அன்று எல்லோரும் கைதட்டினார்கள்: நான் வெள்ளைச் சாரமும் மேற்சட்டையும் போட்டு, வீட்டு வேலைக்காரனாகத் தேத்தண்ணித் தட்டோடு வந்து செல்வத்துக்குப் பக்கத்தில் நிற்பது. என் நிறத்துக்குப் பக்கத்தில் நின்றால் யாரும் ஐரோப்பியர்தான்.

வந்தவர் கோப்பையை வாங்கும்போது என் கையைப் பார்த்தார். பிறகு செல்வத்தின் கையைப் பார்த்தார். ஏதோ எழுதினார். செல்வம் அவுஸ்திரேலியா போய்விட்டான். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய பகிடி அது என்று பல வருடம் நினைத்திருந்தேன். அடுத்த குடிசன மதிப்பு வந்தபோது இலங்கைத் தமிழரில் ஒன்று குறைந்ததற்கு நான் சாட்சி என்று மனதுக்குள் சிரித்தும் இருக்கிறேன்.

கொஸ்தாவின் கந்தோர்த் தொலைபேசியில் ரோயைக் கூப்பிட்டேன். யார் என்று சொன்னதும் என் பெயரை ஒருமுறை திருப்பிச் சொன்னான். பிறகு ஆங்கிலத்தில், எந்த ஞாயிறு வருகிறாய் என்று கேட்டான். உறுதியைப் பற்றிச் சொன்னேன். "கொண்டு வா. வீட்டில் வைத்துப் பார்ப்போம்" என்றான். 'வீட்டில்' என்ற சொல்லை அவன் அழுத்தியதை அன்று நான் கவனிக்கவில்லை.

நான் தங்கியிருந்தது பரமட்டாவில். சனிக்கிழமை நடந்து ஹரிஸ் பார்க் பக்கம் போனேன். ஒரு வாரமாக 'மீற் பை' என்று, மாவுக்குள் இறைச்சி அடைத்த ஒன்றைத் தின்று நாக்கு செத்திருந்தது. மேலே தொட்டால் ஆறியிருக்கும், கடித்தால் உள்ளே எரிமலை. என் ஒரே கழுத்துப்பட்டியில் அதன் வரலாறு இருக்கிறது. ஹரிஸ் பார்க்கில் லெபனான் பெண்மணி ஒருவரின் கடையில் சாக்கு நிறைய மைசூர்ப் பருப்பைக் கண்டதும் கை தானாக உள்ளே போய்விட்டது. பெண்மணி சிரித்து, "லெபனான்?" என்று கேட்டார். முகத்தைப் பார்க்காமல், பருப்புக்குள் போன கையின் பழக்கத்தைப் பார்த்தாரோ என்னவோ. நான் ஓமென்று தலையை ஆட்டினேன். இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுக் கட்டித் தந்தார். ஒரு பிடி பருப்புக்காக நான் நிரல் மாறிவிட்டேன். பெண்சாதிக்காகவும் ஒரு கண்டத்துக்காகவும் மாறினவனை நான் என்ன சொல்ல?

அடுத்த வாரம் இன்னொரு சங்கதி. ரயிலில் எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து எந்த நாடு என்று ஊகிப்பது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. இத்தாலியர் என்று நான் முடிவு செய்தவர் மோல்டாக்காரர். கிரேக்கர் என்றவர் எகிப்தில் பிறந்தவர். அவர்கள் என்னை ஊகித்ததும் அதே தரம்தான்: ஒருவர் பீஜியா என்றார், இன்னொருவர் மேற்கிந்திய அணியில் எத்தனையாவது ஆட்டக்காரன் என்று கேட்டார். இந்த ஆராய்ச்சியில் பரமட்டா போனது தெரியவில்லை. இறங்கிய இடம் குவேக்கர்ஸ் ஹில். வேலி, புல், தூரத்தில் ஒரு கோழிப்பண்ணை. அன்று பிற்பகல் அந்த இடத்துக் குடிசனம்: நான் ஒன்று, குதிரை ஒன்று. குதிரை என்னை எந்த நிரலிலும் போடவில்லை. திரும்பும் ரயில் வரும்வரை நல்ல துணையாக நின்றது.

மெல்பேர்னில் முதல் மூன்று நாள் டிராமோடு போராட்டம். அதற்கு இரண்டு பக்கமும் முகம். எது முன், எது பின் என்று நான் தீர்மானிப்பதற்குள் அது புறப்பட்டுவிடும். ஒருமுறை சரியாக ஏறி, கடைசித் தரிப்பில் இறங்க மறந்து, ஏறிய இடத்துக்கே திரும்பி வந்தேன். நடத்துனர் இரண்டாம் முறை ரிக்கட் கேட்கவில்லை. பாவப்பட்டிருப்பார்.

அங்கேயும் அதே படம், அதே நிறங்கள், இடங்கள் மட்டும் வேறு. கிரேக்கர் ஒரு பக்கம், இத்தாலியர் ஒரு பக்கம். வசதி வந்ததும் அவர்கள் வெளிப்புறம் நகர, விட்டுப்போன வீட்டில் அடுத்ததாக வந்தவர்கள். கதவில் பழைய பெயர் மங்கலாக இருக்கும்; அதன்மேலேயே புதுப் பெயரை எழுதியிருப்பார்கள். அந்த அட்டவணைகளை நான் ஒரு கொப்பி நிறைய எழுதி எடுத்தேன். இலாகாவில் என்னைப் புகழ்வார்கள் என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நோபல் பார்க் நிலையத்தில் செல்வம் காரோடு நின்றான். தலை முழு வழுக்கை. கைகுலுக்கி, பிரயாணம் எப்படி என்று ஆங்கிலத்தில் விசாரித்தான். கார்க் கதவு சாத்தியதும் குரல் மாறியது.

"மச்சான், எத்தினை வருசமடா."

"தலைமயிர் எங்கை?"

"அதுவும் குடிபெயர்ந்திட்டுது."

பதினான்கு வருடமாக வாயில் வராத தமிழ் என்று தெரியவில்லை. கொண்டாவில் வாடை அப்படியே இருந்தது. உறுதி கொண்டுவந்தாயா என்று கேட்டான். எடுத்துக் காட்டினேன். கையெழுத்துக்குச் சாட்சி நிற்கும் சமாதான நீதவான் ஒருவரின் முன்னால், தகப்பனின் உறுதியில் உள்ள பெயரில், செல்வராசா என்றே ஒப்பம் வைக்கவேண்டும். அவர்களுடைய தெருமுனை மருந்துக்கடைக்காரர்தான் அந்தப் பகுதிக்குச் சமாதான நீதவானாம். அவருடைய மகளும் இவனுடைய மகள் ஜெனியும் ஒரே வகுப்பாம்.

"வெள்ளையருக்கு மட்டும் எண்ட சட்டமே இல்லாமல் போச்சுது. இப்ப நீ தமிழன் எண்டால் ஆர் உன்னைப் பிடிச்சு அனுப்பப் போகினம்?" என்றேன்.

"சட்டம் போகட்டும். ஜெனி வீட்டிலையெல்லே இருக்கிறாள்" என்றான். ஜெனிக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "முதல் சாப்பிடுவம். அதுக்குப் பிறகு ஒரு விசயம் இருக்கு."

என்ன விசயம் என்று கேட்டேன். பாப்பம் என்றான். சந்தியில் பச்சை விளக்கு விழுந்தது.

டொரீன் வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்தாள். மேசையில் அடுப்பில் வாட்டிய ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, அவற்றுக்கு நடுவே ஒளித்து வைத்ததுபோல் ஒரு சின்னக் கிண்ணத்தில் மாசிச் சம்பல். நான் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஜெனிக்குப் பதின்மூன்று வயது. செல்வத்தின் மூக்கு. பரமேஸ்வரி ரீச்சர் பிள்ளைகளின் கணக்கில் பிழை பிடிக்கும்போது புருவத்தைத் தூக்குவாரே, அதே தூக்கு. அத்தையைக் காணாமலே எங்கே பழகினாளோ.

சாப்பிட்டு முடிந்ததும் ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து விரித்தாள். பள்ளிக்கூட வேலை. தங்கள் தெருவில் யார் யார் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று ஒவ்வொரு வீடாகக் கதவு தட்டிக் கேட்டு, வீடு வீடாகக் கீறி, நிறம் தீட்டியிருந்தாள். தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் இலாகாவில் சம்பளம் வாங்குகிறவர்களின் வேலை அவ்வளவு சுத்தமில்லை. நீலம், பச்சை, சிவப்பு, மோல்டாவுக்கு மண்ணிறம். வெறும் வெள்ளையாக ஒரு வீடும் இல்லை. இங்கிலாந்துக்காரருக்கும் ரோசாப்பூ நிறம் போட்டிருந்தாள். நடுவில் ஒரு வீடு மட்டும் தோடம்பழத்துச் செம்மஞ்சள் நிறம்.

"இது நாங்கள்" என்றாள். "ஒல்லாந்து. முந்நூறு வருடத்துக்கு முன் சிலோனுக்குப் போய், பிறகு இங்கே வந்தோம்."

"இரண்டு பக்கமுமா?" என்று கேட்டேன். பழக்கதோசம்.

"இரண்டு பக்கமும்."

செல்வம் கையிலிருந்த கத்தியைத் தட்டில் வைத்தான். ஜெனி என்னைப் பார்த்து, நீங்களும் அப்பாவும் எப்படிப் பழக்கம் என்று கேட்டாள். டொரீன் தேநீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்றாள்.

"ஜெனி, இவர்..." என்று செல்வம் தொடங்கினான். நின்றான். மூச்சை இழுத்தான்.  மீண்டும் வாயைத் திறந்தான்.

பிடிபட்டுவிட்டான் என்று நினைத்தேன். காப்பாற்றவேண்டும் என்று நினைத்தேன். சிரிப்புக்கென்று ஒரு கதிரை காலியாகக் கிடப்பதைக் கண்டால் அதில் குந்தாமல் இருக்க என்னால் முடியாது. எழும்பிப் போய் டொரீனின் கையிலிருந்த தட்டை வாங்கி, ஒரு கையைப் பின்னால் கட்டி, முதுகை வளைத்து, ஜெனியின் முன்னால் நீட்டினேன். "சின்னம்மா, கொழும்பில் உங்கள் அப்பாவுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தவன் நான்தான்" என்றேன்.

ஜெனி வயிறு குலுங்கச் சிரித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதுவரை நான் சொன்னது பொய்யே இல்லை. ஒரு நாள் கொடுத்தேன்தானே. சிரிப்பு வந்துவிட்டால் எனக்குக் கால் நிற்காது. அப்பாவின் வீட்டில் குசினி வேலை செய்த என்னை, அவர்தான் எழுத்துப் படிப்பித்து, அரசாங்க உத்தியோகத்துக்கு அனுப்பினார் என்றும் சேர்த்துவிட்டேன். கோப்பைகளைத் தொப்பிபோலத் தலையில் வைத்துக் காட்டினேன். பிள்ளை கண் விரிய அப்பாவைப் பார்த்தாள். இதை ஏன் எனக்குச் சொல்லவேயில்லை என்று கேட்டாள்.

செல்வம் என்னைப் பார்த்தான். நான் அவனுக்குக் கண்ணடித்தேன். டொரீன் குசினிக்குள் திரும்பிப் போனாள்.

பிறகு ஜெனி தாளை என் பக்கம் நகர்த்தி, உண்மையான குடிசன மதிப்பு அதிகாரி பார்த்துச் சரி என்று ஒப்பம் வைத்துத் தரவேண்டும் என்றாள். சிவப்புப் பென்சில் சட்டைப் பையில் இருந்தது. அது இருபத்தைந்து வருடமாகப் பிழையான நிரலைக் கண்டால் சும்மா இருந்ததில்லை. தோடம்பழ நிற வீட்டின்மேல் ஒரு கணம் நின்றது. நான் தாளின் மூலையில் ஒரு சரி போட்டு, பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

நிலையத்துக்கு அவனே காரில் கொண்டுவந்தான். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

"ஏன் அப்பிடிச் சொன்னனி?"

"உன்னைக் காப்பாத்தத்தான் மச்சான்."

"இண்டைக்கு அவளுக்குச் சொல்லுறதெண்டு நானும் டொரீனும் முடிவெடுத்து வைச்சிருந்தனாங்கள். உன்னைக் காட்டித்தான் சொல்ல இருந்தன். இவர் என்ரை ஊர், என்ரை பள்ளிக்கூடம், நானும் இவரும் ஒண்டு எண்டு. சொல்லிப்போட்டு, பின்னேரம் மருந்துக்கடைக்காரன் வீட்டை போய் ஒப்பம் வைக்கிறதெண்டு அவனுக்கும் சொல்லி வைச்சனான். வாயைத் திறந்தன். நீ தட்டோடை நிக்கிறாய்."

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு நேரம் வரும் என்று நான் நினைத்ததில்லை. திரும்பிப் போவோம், இப்போதே நானே சொல்கிறேன் என்றேன்.

"என்னெண்டு? நேற்றுவரைக்கும் நான் சொல்லாமல் இருந்தனான், அவ்வளவுதான். இண்டைக்கு அவள் என்னைப் பாத்துக் கேட்டவள். நான் நீ சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிச்சனான்."

வேலிக்கு அப்பால் ரயில் வரும் சத்தம் கேட்டது. உறுதியை நீட்டினேன். வாங்கி, காரின் முன்பெட்டிக்குள் வைத்தான். அனுப்புவாயா என்று கேட்டேன்.

"பாப்பம்" என்றான்.

யாழ்ப்பாணத்தானின் 'பாப்பம்' என்ற சொல்லுக்கு உலகத்தில் எந்த அட்டவணையிலும் நிரல் கிடையாது. ஓம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் அது கிடக்கும், கொண்டாவில் காணிபோல.

கொழும்புக்குத் திரும்பி வந்து அறிக்கை எழுதினேன். மேலதிகாரி நன்று என்று எழுதி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். உறுதியைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன், அனுப்புவான் என்று பரமேஸ்வரி ரீச்சரிடம் சொன்னேன். அவர் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை.

"உங்களோடை தமிழிலை கதைச்சவனோ?" என்றுதான் கேட்டார்.

"ஓம் ரீச்சர். நல்லாக் கதைச்சவன்." அந்தப் பயணத்தைப் பற்றி நான் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான்.

ஐந்தாறு மாதம் கழித்து என் பெயருக்கு அவுஸ்திரேலிய முத்திரையோடு தடித்த உறை ஒன்று வந்தது. தபால்காரரிடம் ரீச்சர் முன்பே சொல்லி வைத்திருக்கவேண்டும். நான் கந்தோரிலிருந்து வந்தபோது எங்கள் விறாந்தைக் கதிரையில் மூக்குக்கண்ணாடியோடு காத்திருந்தார். அவருக்கு முன்னாலேயே உறையை வெட்டினேன்.

உறுதி இல்லை. ஜெனியின் கடிதம் இருந்தது. தெருப் படத்துக்கு வகுப்பில் முதலிடமாம். மூலையில் உள்ள ஒப்பம் உண்மையான அதிகாரியுடையது என்று ஆசிரியை எல்லோருக்கும் காட்டினாராம். எனக்கென்று இன்னொரு பிரதி கீறி அனுப்பியிருக்கிறாள். என் முகவரியை அப்பாவிடம் கேட்டு வாங்கினாளாம். கடிதத்தை ரீச்சருக்குக் காட்டாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ரீச்சர் வெற்று உறையை எடுத்து இன்னொரு முறை உள்ளே பார்த்தார். மடித்து வைத்தார். பிறகு, முப்பது வருடம் கொப்பி திருத்திய பழக்கம், படத்தை மடியில் விரித்துக்கொண்டார்.

"ஆர் கீறினது?"

"அங்கை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கடை வேலை பழகுது" என்றேன்.

"வடிவாக் கீறியிருக்கு. நிறம் ஒண்டும் கோட்டுக்கு வெளியாலை போகேல்லை." புருவத்தைத் தூக்கி, ஒவ்வொரு வீடாக விரலை நகர்த்தினார். நீலம் யார், பச்சை யார் என்று கேட்டார். சொன்னேன். விரல் நடுவில் வந்து நின்றது.

"இந்தத் தோடம்பழ நிறம் ஆர்?"

"ஒல்லாந்தர்" என்றேன்.

ரீச்சர் தெருவின் இரண்டு பக்கத்தையும் இன்னொருமுறை பார்த்தார். விரலை எடுக்கவில்லை.

"முழுத் தெருவுக்கும் ஒரே ஒரு வீடு" என்றார். "பாவங்கள். தங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லாமல் இருக்குதுகள்."